வெள்ளிக்கிழமைகளில் ஷாக் அடித்த பித்தளைத் தகடு

கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு வயரிங் செய்யும் தம்பிகள் சிலர் இன்னும் என்னிடம் போனில் சந்தேகம் கேட்பதுண்டு. நான் வேலையை விட்டு நின்ற பிறகு என் பதில்களுக்கு மரியாதை கூடியிருக்கிறது. போன மாதம் அப்படி ஒருவர் கூப்பிட்டார்.

"அண்ணே, பார்ட்டி பித்தளையில சுவிட்ச் தகடு வாங்கி வெச்சிகினு இன்னிக்கே மாட்டணும்னு நிக்கிறாங்க. பழைய வயரிங். லைட்டு பாயிண்ட்ல எர்த் ஒயரே இல்ல. மாட்டலாமா?"

"மாட்டக் கூடாது."

"ஏண்ணே? பிளாஸ்டிக் தகட்டுக்கு எர்த் இல்லாமதான கீது?"

இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். முதல் விதம்: பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது, பித்தளையில் ஓடும், எனவே உலோகத் தகடு மாட்டினால் அதற்கு ஒரு பச்சை ஒயர் இழுத்து நிலத்தோடு சேர்க்க வேண்டும். இரண்டாவது விதத்துக்கு 1997ஆம் ஆண்டு ஆடி மாதத்துக்குப் போய், புதுப்பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் ஏற வேண்டும். தம்பி பைக்கை ஓட்டிக்கொண்டே பேசினார். எனவே முதல் விதமாகச் சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவது விதத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டில் ஓர் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரிடம் வயர்மேனாகச் சேர்ந்தது 1989இல். அதற்கு முன் ஐ.டி.ஐ.யில் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படிப்பு முடியும்வரை ஒரே மரப்பலகையில் ஒரே விளக்கை மாட்டிக் கழற்றினோம். பலகை எங்களை விட நன்றாகத் தேறியது.

வேலைக்கு வந்த பிறகுதான் வீடுகளைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் தேக்குப் பலகைமேல் உட்கார்ந்திருந்த கறுப்பு வட்ட சுவிட்சுகள் மறைந்த காலத்தை 1990 முதல் 1994 வரை என்று கணித்திருக்கிறேன். அதன் பிறகு வெள்ளை நிறத்தில் பியானோ கட்டை மாதிரியான சுவிட்சுகள். இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஒரு தட்டில் சதுரம் சதுரமாகப் பொருத்தும் இன்றைய வகை. செங்கல்பட்டில் ஒரு மாற்றம் வந்து அது கடற்கரைக்குப் போய்ச் சேர ஒன்றரை ஆண்டு ஆகும். இந்தக் கணிப்பை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இருந்தாலும் எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மக்கள் கழற்றி மாட்டுவது சுவரில் தெரிகிற சுவிட்சைத்தான். சுவருக்குள் போகும் ஒயர் அப்படியே இருக்கும். அந்தக் காலத்து வீடுகளில், அயர்ன் பாக்ஸ் செருகும் பெரிய பிளக்குக்கு மட்டும் எர்த் ஒயர் இழுத்திருப்பார்கள். விளக்கு சுவிட்சுக்கு இழுக்க மாட்டார்கள். விளக்கு யாரைக் கடிக்கப் போகிறது என்கிற எண்ணம்.

எங்கள் சூப்பர்வைசர் தேவசகாயம் சார் அப்படி எண்ணாதவர். சதுரங்கப்பட்டினத்துக்கு அருகில் அவருடைய ஊர். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். லைசென்ஸ் வாங்கி மின்சார வேலைக்கு வந்தவர்களில் அவருடைய தெருவுக்கு அவர்தான் முதல் ஆள். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. எதைப் பற்றியும் அதிகம் பேசியதில்லை. சிறியவர்கள் எல்லோரையும் "நைனா" என்பார். பெரியவர்களைப் பெயரே சொல்லாமல் கூப்பிடுவார்.

அவர் ஒரு வீட்டுக்குள் நுழையும் முறை மாறவே மாறாது. செருப்பை வாசலில் விடுவார். பையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பை எடுத்து அக்குளில் வைத்துக்கொள்வார். மெயின் பெட்டிக்குப் போய், வேலை நடக்கப்போகிற சர்க்யூட்டின் பீஸ் கட்டையை உருவுவார். பீஸ் கட்டை என்பது பீங்கான் பிடி. அதில்தான் உருகும் கம்பி கட்டியிருக்கும். அதை உருவினால் அந்தப் பக்கம் மின்சாரம் போகாது. உருவிய கட்டையைப் பக்கத்தில் வைக்க மாட்டார். தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் போடுவார்.

"கட்ட எவன் பையில கீதோ அவன் உசுரு அவன் பையில கீது" என்பார்.

அடுத்தது டெஸ்டர். அதை நேராகப் பழுதான இடத்தில் வைக்க மாட்டார். முதலில் மின்சாரம் இருப்பது நிச்சயமான ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில். பிறகு மறுபடியும் அதே பிளக்கில். டெஸ்டருக்கே இரண்டு முறை பரீட்சை. இவ்வளவும் முடிந்த பிறகு ரப்பர் விரிப்பின்மேல் ஏறி நின்று ஸ்குரூ டிரைவரைக் கேட்பார். வேலை முடிந்து சுவர்ப்பெட்டியை மூடும் முன், அதன் உள்பக்கத்தில் பென்சிலால் தேதியையும் 'தே.' என்று தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுதுவார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தொறக்கறவன் பாப்பான்" என்றார்.

பீஸ் கட்டையைப் பையில் போடும் பழக்கத்தில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. 1993 சித்திரையில் திருப்போரூரில் ஒரு வீட்டில் வேலை முடித்துவிட்டுச் செங்கல்பட்டு பஸ் ஏறினோம். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள், பனியன் போட்ட ஒருவர் ஸ்கூட்டரில் வந்து குறுக்கே நிறுத்தினார்.

"கட்டையக் குடுய்யா! வூட்ல ஃபேன் இல்ல, மோட்டார் இல்ல, கொயந்த அழுதுகினு கீது!"

பஸ்ஸில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். கண்டக்டர், "இன்னாத்த எட்துனு வந்தீங்கோ?" என்றார். தேவசகாயம் சார் பொத்தானைக் கழற்றி, கட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "செக் பண்ணி வாங்கிக்கோங்கோ" என்றார். ஸ்கூட்டர்காரர் உண்மையிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதன் பிறகு திருப்போரூர் போகும்போதெல்லாம் அந்தக் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும் முன் சாருடைய சட்டைப் பையைப் பார்ப்பார்.

இனி புதுப்பட்டினம்.

அந்த வீட்டுக்காரர் சுந்தரராஜன், கும்பகோணத்துக்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தார். மனைவி வசந்தா. மாடி அறையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் டியூஷன் எடுத்துவந்தார். ஏழு வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு கோடையில் வசந்தாவின் தம்பி மஸ்கட்டிலிருந்து பித்தளை சுவிட்ச் தகடு ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒன்றைப் படிக்கட்டின் கீழேயும் ஒன்றை மாடியில் படி முடிகிற இடத்திலும் மாட்டினார்கள். மாட்டியது வேறு ஓர் ஆள். எங்களைக் கூப்பிட்டது அதன் பிறகு நடந்தவற்றுக்காக.

கூப்பிட்டது வசந்தா. வரவேற்றது சுந்தரராஜன். அவர் எங்களை வாசலிலேயே நிறுத்திக் குரலைத் தணித்துப் பேசினார்.

"சும்மா ஒரு தடவை பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுங்கோ. அவளுக்கு ஒரு திருப்தி. மாடி சுவிட்ச் ஷாக் அடிக்கறதுங்கறா. எனக்கு ஒரு தடவைகூட அடிச்சதில்லை. மாட்டின ஆளைக் கூப்பிட்டு டெஸ்டர் வெச்சுப் பார்த்தாச்சு. எரியலை. அதுவும் அவளுக்கு வெள்ளிக்கிழமைன்னாத்தான் அடிக்கறது."

"வெள்ளிக்கெயம மட்டுமா?" என்றார் தேவசகாயம் சார்.

"அதான் சொல்றேன். எங்க அக்கா, ஆடி மாசம், அம்மனுக்கு ஏதோ குறை வெச்சிருக்கேள்னு போன் பண்றா. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. இது நரம்புத் தளர்ச்சி. மெட்ராஸ்ல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு பண்ணிட்டேன்."

உள்ளேயிருந்து வசந்தா வந்தார். குரலைத் தணித்துப் பேசியது வீண் என்று தெரிந்தது.

"டியூஷன் பசங்க வீட்டுலயும் இவர் அதையேதான் சொல்லி வெச்சிருக்கார்" என்றார் எங்களைப் பார்த்து. "பசங்க வெறுங்கால்ல ஏறி வராங்க, ஏதாவது ஆயிடப் போகுதுன்னு நான்தான் ரெண்டு வாரம் வராதீங்கன்னு நிறுத்தினேன். காரணம் கேட்டவங்ககிட்ட எனக்கு நரம்புத் தளர்ச்சின்னு இவர் சொல்லியிருக்கார். ரெண்டு வீட்டுல வேற டீச்சர் பார்த்துட்டாங்க."

"உன் நல்லதுக்குத்தான்..." என்று சுந்தரராஜன் தொடங்கினார்.

"ஷாக் நின்னா மட்டும் எனக்குப் போதாது. ஷாக் இருந்துச்சுன்னு இவர் அந்த ஏழு வீட்டுலயும் போய்ச் சொல்லணும்."

தேவசகாயம் சார் செருப்பை விட்டார். விரிப்பை அக்குளில் வைத்துக்கொண்டார். வழக்கமாக அடுத்து மெயின் பெட்டிக்குப் போவார். அன்று போகவில்லை. மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

"எந்தக் கையிமா?"

"வலது கை."

"சுவிட்ச்சுலயா, தகட்லயா?"

"சுவிட்சைத் தட்டும்போது விரல் தகட்டுல படும். அப்ப."

"எப்டி இருந்திச்சி? எறும்பு ஊர்ற மாரியா, குத்துற மாரியா?"

"சாதாரண நாள்ல குறுகுறுன்னு இருக்கும். நான்கூட பிரமைன்னுதான் நினைச்சேன். வெள்ளிக்கிழமை முழங்கை வரைக்கும் தூக்கி உதறிடுச்சு."

"வெள்ளிக்கெயம இன்னா பண்ணுவீங்கோ?"

"வீடு கழுவுவேன். மத்த நாள் துடைக்கறதோட சரி. வெள்ளிக்கிழமை மாடி வரைக்கும் தண்ணி ஊத்திக் கழுவி விடுவேன்."

"கால்ல இன்னா போட்னு இருந்தீங்கோ?"

"வீட்டுக்குள்ள யாராவது செருப்பு போடுவாங்களா?" என்றார் வசந்தா.

தேவசகாயம் சார் சுந்தரராஜனின் கால்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீல நிறத்தில், தடித்த மெத்து மெத்தென்ற ரப்பர் செருப்பு.

"சாருக்குக் குதிகால் வலியா?"

"ரெண்டு வருஷமா. எம்.சி.ஆர். செருப்பு. வீட்டுக்குள்ளயும் போட்டுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். படுக்கும்போதும் குளிக்கும்போதும்தான் கழட்டறது" என்றார் சுந்தரராஜன், ஏதோ பாராட்டை எதிர்பார்ப்பவர் போல.

"தகடு மாட்ன ஆளு?"

"அவர் ஷூ போட்டுண்டே ஏறினார். நான்கூடச் சொன்னேன், வீட்டுக்குள்ள ஷூவோட வரேளேன்னு."

தேவசகாயம் சார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நைனா, இந்த வூட்ல ஒழுங்கா வேல செய்ற டெஸ்டரு அந்தம்மா ஒருத்தவங்கதான்."

ஷாக் என்பது கையில் தொடங்கிக் காலில் முடிகிற பாதை. காலுக்கும் தரைக்கும் நடுவே ரப்பர் இருந்தால் பாதை அடைபட்டுவிடும். ஈரத் தரையில் வெறுங்கால் என்றால் கதவு முழுவதும் திறந்து கிடக்கிறது. அம்மனுக்கும் நரம்புக்கும் இதில் வேலை இல்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மாடியில் ஏறி, விரிப்பைப் போட்டு நின்று டெஸ்டரைத் தகட்டில் வைத்தபோது, அது எங்களுக்கும் எரியவில்லை. முன்பும் பின்பும் பிளக்கில் எரிந்தது. தகட்டில் எரியவில்லை.

சுந்தரராஜன், "பார்த்தேளா?" என்றார்.

"இப்ப எரியாது" என்றார் வசந்தா. "கீழ இருக்கற சுவிட்ச் மேல் பக்கம் பார்த்து நிக்கும்போதுதான் அடிக்கும். இப்ப அது கீழ்ப் பக்கம் பார்த்து நிக்குது. நான் நாலு தடவை பார்த்துட்டேன்."

"வேணும்னே தொட்டுப் பார்த்தியா?" என்றார் சுந்தரராஜன்.

"நீங்க நம்பலைன்னா வேற யார் தொடறது?"

"இதைத்தான் என்கிட்டயும் சொன்னா. கீழ இருக்கற சுவிட்சுக்கும் மேல இருக்கற தகட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே?"

"நாயமான கேள்வி சார்" என்றார் தேவசகாயம் சார். "சம்பந்தம் கீது. நடுவுல ரெண்டு ஒயரு கீது." பிறகு வசந்தாவிடம், "இனிமே தொடாதீங்கோமா. நாலு தபா தொட்டு நின்னுகினு கீறீங்கோன்னா அது கடவுள் போட்ட போனஸு" என்றார்.

படிக்கட்டு விளக்கை மாடியிலிருந்தும் கீழிருந்தும் போடலாம், அணைக்கலாம். அதற்காக இரண்டு சுவிட்சுகளுக்கும் நடுவே இரண்டு ஒயர்கள் ஓடும். கீழ் சுவிட்ச் மேலே பார்த்தால் முதல் ஒயரில் மின்சாரம். கீழே பார்த்தால் இரண்டாவது ஒயரில். விளக்கு எரிகிறதா இல்லையா என்பது வேறு கணக்கு. எப்போதும் இரண்டில் ஒன்றில் மின்சாரம் இருக்கும். அந்த முதல் ஒயர் மாடியில் எங்கோ தகட்டைத் தொடுகிறது என்பதுதான் வசந்தா சொன்னதன் பொருள். அவர் அதை ஒயர் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தேவசகாயம் சார் பையிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுத்தார். அது ஹோல்டரில் மாட்டிய ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர் வால்களுடன். ஒரு வாலை நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரில், சேர்த்தார். இன்னொன்றின் முனையைத் தகட்டில் வைத்துப் பிடித்தார். தகட்டில் மின்சாரம் வந்தால் பல்பு எரியும்.

"சார், நீங்க கீழ போயி சுவிட்ச்ச மேல தள்ளுங்கோ."

சுந்தரராஜன் செருப்பு சப்திக்க இறங்கிப் போனார். "தள்ளிட்டேன்" என்று குரல் வந்தது.

பல்பு எரிந்தது. தேவசகாயம் சார் வாயைத் திறக்கவில்லை. என்னையும் கண்ணாலேயே அடக்கினார்.

"எரியறதா?" என்று கீழிருந்து கேட்டார் சுந்தரராஜன்.

"எரியுது" என்றார் வசந்தா.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"எரியுது."

"இப்ப?"

"இல்ல."

பிறகு இன்னும் இரண்டு முறை கேட்டார். கணக்குப் பிரிவில் இருப்பவர். ஒரு கூட்டலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போட்டுப் பார்க்கும் பழக்கம். வசந்தா ஒவ்வொரு முறையும் அதே குரலில் பதில் சொன்னார். சுந்தரராஜன் மேலே ஏறி வந்து அந்தப் பல்பை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் பீஸ் கட்டை உருவப்பட்டுச் சட்டைப் பைக்குள் போனது. தகட்டைக் கழற்றினோம். காரணம் எளிமையானது. மஸ்கட் தகட்டோடு வந்த ஸ்குரூ, நம் ஊர்ப் பெட்டிக்குத் தேவையானதைவிட நீளம். அது பெட்டியில் ஸ்குரூ முடுக்கும் காதைத் தாண்டி உள்ளே போய், சிவப்பு ஒயர் ஒன்றின் தோலைக் கிழித்துச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. செம்பிலிருந்து ஸ்குரூ, ஸ்குரூவிலிருந்து தகடு, தகட்டிலிருந்து வசந்தா. தகட்டின் பின்புறம் எர்த் ஒயர் முடுக்க ஒரு தனி இடம் இருந்தது. அதில் கம்பெனியே மாட்டி அனுப்பியிருந்த பச்சை மஞ்சள் ஒயரை, மாட்டிய ஆள் அடியோடு வெட்டியிருந்தார். எங்கே சேர்ப்பது என்று தெரியாத ஒயரை வெட்டிவிடுவது அந்தக் காலத்தில் ஒரு தொழில்முறையாகவே இருந்தது.

எர்த் இருந்திருந்தால், ஸ்குரூ செம்பைத் தொட்ட அந்த நிமிடமே மின்சாரம் மொத்தமும் நிலத்துக்குப் பாய்ந்து பீஸ் போயிருக்கும். முதல் நாளே பழுது தெரிந்திருக்கும். எர்த் இல்லாததால் பழுது வாய் மூடி, வெறுங்காலோடு யாராவது வரட்டும் என்று காத்திருந்தது.

அடுத்த அறையில் அயர்ன் பாக்ஸ் பிளக்குக்கு எர்த் ஒயர் இருந்தது. அங்கிருந்து இழுத்துவிடலாம் என்றேன். "மொதல்ல அது உயிரோட கீதான்னு பாரு" என்றார் தேவசகாயம் சார். டெஸ்ட் லாம்பில் நூறு வாட்ஸ் பல்பை மாட்டி ஒரு வாலை மின்சாரத்திலும் ஒரு வாலை அந்த எர்த்திலும் வைத்தார். எர்த் நன்றாக இருந்தால் பல்பு வெள்ளையாக எரிய வேண்டும். இது சிகரெட் நுனி மாதிரி சிவந்து நின்றது.

வீட்டின் பின்னால் எர்த் குழியைத் தோண்டினோம். கடற்கரை மண்ணில் ஊற்றிய தண்ணீர் நிற்காது; உப்புக் காற்று இரும்பை விடாது. எர்த் பைப்பின் கழுத்தில் ஒயர் முடுக்கியிருந்த இடத்தைத் தொட்டதும் அது துருப் பொடியாகக் கையோடு வந்துவிட்டது. வீட்டின் பாதுகாப்பு முழுவதும் அந்தப் பொடியில் இருந்தது. புதுப் பைப், கரி, உப்பு, சிமென்ட் தொட்டி என்று வேலை நீண்டது. தேவசகாயம் சார் முடிப்பதை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வைத்தார். அதுவரை படிக்கட்டு சர்க்யூட்டின் பீஸ் கட்டை அவருடைய பையில் செங்கல்பட்டுக்கும் புதுப்பட்டினத்துக்கும் போய் வந்தது.

"ராத்திரி படிக்கட்டுல இருட்டா இருக்குமே?" என்றார் சுந்தரராஜன்.

"டார்ச்சு வெச்சிக்கோங்கோ. மெட்ராஸ் டாக்டரவிட சலீசு."

வெள்ளிக்கிழமை வந்தது. தகடுகள் இரண்டுக்கும் பச்சை ஒயர் இழுத்தாயிற்று. கிழிந்த சிவப்பு ஒயரை மாற்றியாயிற்று. நீள ஸ்குரூவுக்குப் பதில் குட்டை ஸ்குரூ. நூறு வாட்ஸ் பல்பு எர்த்தில் பளீரென்று எரிந்தது. மாடிப் பெட்டியை மூடும் முன் தேவசகாயம் சார் உள்ளே தேதியும் 'தே.'யும் எழுதினார். எழுதிவிட்டுப் பென்சிலை வசந்தாவிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு?"

"பழுதக் கண்டுபுட்ச்சவங்களும் போடணும். அதான் மொற."

அப்படி ஒரு முறை எங்களிடம் கிடையாது. அதற்கு முன்பும் கிடையாது, பின்பும் கிடையாது. 2006இல் அந்த வீட்டுக்குப் புதுவகை சுவிட்சுகள் மாட்ட நான் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன். தேதி, 'தே.', அதன் கீழே டீச்சர் கையெழுத்தில் 'வசந்தா', அதன் பக்கத்தில் 'வெள்ளி'. உப்புக் காற்று பென்சிலை ஒன்றும் செய்திருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, பெட்டியை மூடிப் பீஸ் கட்டையைப் போட்ட பிறகு, தேவசகாயம் சார் டெஸ்ட் லாம்பைத் தகட்டில் வைத்துப் பார்த்தார். கீழ் சுவிட்சை மேலே தள்ளியும் பார்த்தார், கீழே தள்ளியும் பார்த்தார். பல்பு எரியவில்லை. பிறகு, "அம்மா, கழுவி வுடுங்கோ" என்றார். வசந்தா மாடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சார் ரப்பர் விரிப்பிலிருந்து இறங்கினார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, புறங்கையால் தகட்டைத் தொட்டார். விரிப்பில்லாமல் அவர் எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை. தொட்ட கையை எடுத்து, வசந்தாவுக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

வசந்தா தொட்டார். சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை முழுவதுமாகத் தகட்டில் வைத்து அப்படியே நின்றார்.

"ஒண்ணுமில்ல" என்றார். கணவரைத் திரும்பிப் பார்த்தார். "செருப்பைக் கழட்டிட்டு நீங்களும் தொடுங்க."

"அதான் சரியாயிடுத்தே. டெஸ்ட் பண்ணியாச்சே."

"முன்ன பழுதோட இருந்தப்ப தைரியமாத் தொட்டீங்கல்ல?"

சுந்தரராஜன் தேவசகாயம் சாரைப் பார்த்தார். சார் சுவரைப் பார்த்தார். சுந்தரராஜன் என்னைப் பார்த்தார். நான் கருவிகளைப் பையில் அடுக்கினேன். ஒரு செருப்பைக் கழற்றினார். ஈரத்தில் காலை வைத்ததும் மறுபடியும் மாட்டினார். மீண்டும் கழற்றினார். இரண்டாவது செருப்பை அவர் கழற்றி முடிப்பதற்குள் நான் பையை இரண்டு முறை அடுக்கிவிட்டேன். கடைசியில் ஒரு விரலை நீட்டிக் கண்ணை இறுக்கிக்கொண்டு தொட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"நாலு தடவை..." என்றார். அவர் என்ன கூட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. வசந்தாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சுந்தரராஜன் கிழிந்த சிவப்பு ஒயர்த் துண்டையும் நீள ஸ்குரூவையும் கேட்டு வாங்கி, ஓர் ஆபீஸ் கவரில் போட்டார். தேவசகாயம் சாரிடம், "நீங்களும் கூட வந்து சொன்னேள்னா நன்னா இருக்கும்" என்றார்.

"நான் எதுக்கு சார்? நரம்புத் தளர்ச்சின்னு நானா சொன்னேன்?"

சுந்தரராஜன் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். நாங்களும் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினோம். அவர் கேட்டைத் தாண்டி, ஆடி வெயிலில் மணல் கொதித்துக்கொண்டிருந்த தெருவில் கவரோடு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார். தன் கால்களைக் குனிந்து பார்த்தார். நீலச் செருப்பு மாடியில், ஈரத்தில் கிடந்தது. திரும்பி வீட்டைப் பார்த்தார். வசந்தா வாசலில் நின்றிருந்தார்.

சுந்தரராஜன் செருப்புக்காகத் திரும்பி வரவில்லை. குதிகாலைத் தூக்கி, விரல்களால் மட்டும் நடந்துபோய் முதல் வீட்டின் கேட்டைத் தட்டினார்.